பதினைந்து, ஐம்பது அல்ல

பதினான்கு வருடம் ஒரு மனிதரின் குரலைக் கேட்டேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சிறு நகரத்தில் அவர் டாக்டர். நோயாளி அறையை விட்டுப் போனதும், என்ன நோய், என்ன மருந்து, அடுத்து எப்போது வரவேண்டும் என்றெல்லாம் ஒரு கருவியில் பேசிப் பதிவு செய்வார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபின் அந்தப் பதிவு எங்கள் நாகர்கோவில் அலுவலகத்துக்கு வந்து சேரும். இங்கே அப்போது விடிந்திருக்கும். நான் தக்கலையில் பஸ் ஏறி ஒன்பது மணிக்குள் போய்விடுவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து அவர் குரலை ஓட்டியும் நிறுத்தியும் தட்டச்சு செய்வேன். மறுநாள் காலையில் அவர் வேலைக்கு வரும்போது அறிக்கை அவருடைய கணினியில் இருக்கும்.

தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்த காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். வடசேரிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டு மாடிகள். நிறுவனத்தை நடத்தியவர் முதல் நாள் எங்களை உட்காரவைத்து, "அவங்க தூங்கும்போ நமக்குப் பகல். நமக்க கையில இருக்கிய மொதலு அதுதான்" என்றார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கேபிள் வழியாக வேலை வரும், கேபிள் வழியாகவே திரும்பிப் போகும், நாங்கள் வீட்டை விட்டு எங்கும் போகவேண்டாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள். நான் காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பினேன். அது அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

அந்த டாக்டரின் பதிவுகளை யாரும் விரும்பி எடுப்பதில்லை. வாயில் எப்போதும் இருமல் மிட்டாய் கிடக்கும். பேசும்போது அது பல்லில் மோதும் சத்தம் கேட்கும். சொற்களின் கடைசியை விழுங்கிவிடுவார். மற்றவர்கள் செய்தால் பக்கத்துக்கு ஐந்தாறு இடம் காலியாக விடுவார்கள். நான் விட்டதில்லை. எங்கள் பேச்சு ராகம் போட்டது மாதிரி இருக்கிறது என்று மதுரைப் பக்கத்தவர்கள் கேலி செய்வதுண்டு. அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, சொல் சரியாக விழாவிட்டாலும் அதன் ஏற்ற இறக்கம் எனக்கு விழுந்துவிடும். 'ஃபிஃப்டீன்' என்று அவர் சொன்னால் கடைசி 'ன்' வாய்க்குள்ளேயே போய்விடும். 'ஃபிஃப்டி' என்றுதான் யாருக்கும் கேட்கும். ஆனால் பதினைந்து என்றால் பிற்பாதியைக் கொஞ்சம் இழுத்து மேலே தூக்குவார். ஐம்பது என்றால் முதலிலேயே அழுத்திவிட்டு மீதியைக் கீழே போட்டுவிடுவார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட நான் தவறவிட்டதில்லை.

என்னோடு அதே நாளில் சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். வில்லுக்குறியில் பஸ் ஏறுவாள். அவளுக்கு நான் இடம் போட்டு வைத்திருப்பேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் அவள் மரச்சீனிக் கிழங்கில் பாதி எனக்கு, என் மீன் குழம்பில் பாதி அவளுக்கு. ஏசி அறையில் மீன் வாடை வருகிறது என்று எழுதி ஒட்டியபிறகு இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குக் காது நன்றாகக் கேட்டது, அவளுக்கு ஆட்களை நடத்தத் தெரிந்தது. பத்து வருடத்தில் அவள் எங்கள் குழுவின் தலைவியானாள். கண்ணாடி அறை கிடைத்தது. மாடிப்படிக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

பிறகு மென்பொருள் வந்தது. டாக்டர் பேசுவதை அதுவே எழுதிவிடும், நாங்கள் பிழை மட்டும் திருத்தினால் போதும் என்றார்கள். தொடக்கத்தில் அது எழுதியதைப் பார்த்துச் சிரித்தோம். சிறுநீரகத்தை ஊர்ப் பெயராக எழுதும், மருந்தைப் பெண் பெயராக எழுதும். நாங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஒவ்வொரு திருத்தத்திலிருந்தும் அது கற்றுக்கொண்டது. இரண்டு வருடத்தில் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. வேலை லேசாகிவிட்டது என்று சொல்லிச் சம்பள விகிதத்தைக் குறைத்தார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பெண்மணியின் ஞாபகம் அடிக்கடி வந்தது. நாங்கள் சேர்ந்த புதிதில் வீடியோவில் வந்து பாடம் எடுத்த அமெரிக்கக்காரி. தட்டச்சு வேலையில் தலை நரைத்தவர். எங்களிடம் ஒருநாள்கூடச் சிரித்துப் பேசியதில்லை. கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நிறவெறி பிடித்தவர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவருடைய இருக்கைக்குத்தான் எங்களைத் தயார் செய்கிறார் என்பது அப்போது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நாங்கள் வேலையை விட்டிருக்கமாட்டோம், அது வேறு. இப்போது எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. எதன்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் எரிச்சலாக இருந்தது.

அடுத்து ஒரு விதி வந்தது. மென்பொருளுக்குச் சந்தேகம் உள்ள சொற்கள் மஞ்சள் நிறத்தில் தெரியும். அவற்றை மட்டும் ஒலியோடு ஒப்பிட்டால் போதும். மஞ்சள் இல்லாத வரிகளைக் கேட்டு நேரத்தை வீணாக்கக்கூடாது. மஞ்சள் இல்லாத எண்ணை மாற்றினால் அது மணிலாவில் இருக்கும் தரச் சோதனைப் பிரிவுக்குப் போகும். நான் எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு வேறு மாதிரி வேலை செய்யத் தெரியவில்லை. மற்றவர்கள் பத்து அறிக்கை முடிக்கும் நேரத்தில் நான் ஆறு முடிப்பேன். வாரக் கடைசியில் என் பெயர் பட்டியலின் அடியில் இருக்கும்.

ஒருநாள் காலையில் அந்த டாக்டரின் பதிவு ஒன்று வந்தது. எழுபது வயது கடந்த ஒருவர், முன்பு பள்ளி பஸ் ஓட்டியவர், இப்போது தனியாக வசிக்கிறார். சர்க்கரை நோய். ராத்திரி போடவேண்டிய இன்சுலின் அளவை டாக்டர் சொன்னார். பிற்பாதியை இழுத்து மேலே தூக்கினார். பதினைந்து யூனிட். திரையில் ஐம்பது என்று இருந்தது. மஞ்சள் இல்லை.

மூன்று முறை பெடலை மிதித்துக் கேட்டேன். சந்தேகமே இல்லை. பதினைந்து என்று திருத்தி அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போனேன். இரண்டு நாள் கழித்து என் பெயருக்கு ஒரு மெயில் வந்தது. சந்தேகக் குறி இல்லாத எண்ணை மாற்றியதற்காக எனக்குப் புள்ளி குறைத்திருந்தார்கள். திருத்தத்தை நீக்கிவிட்டதாகவும் அதில் இருந்தது.

நீக்கிவிட்டார்களா என்று இரண்டு தடவை படித்தேன். அதாவது மறுபடியும் ஐம்பது. மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பினேன். தயவுசெய்து ஒலியைக் கேளுங்கள் என்று எழுதினேன். அனுப்பிய நிமிடமே பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இருந்தது. எழுதியது மனிதர் இல்லை.

கண்ணாடி அறைக்குப் போனேன்.

"ஐம்பது யூனிட்டு போட்டா அந்த மனுசன் காலம்பற எழும்பமாட்டாரு. நீ கேட்டுப் பாரு, பதினஞ்சுதான்" என்றேன்.

அவள் ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். முகம் மாறியது. "எனக்கு ஐம்பதுன்னுதான் கேக்குது மக்கா. ஆனா நீ சொன்னா பதினஞ்சாத்தான் இருக்கும்" என்றாள்.

"அப்பம் மேல சொல்லு."

"சொல்லியாச்சு. போன மாசம் இன்னொருத்திக்கு இப்படி வந்தப்பமும் சொன்னேன். மணிலாவுல கேக்கச் சொன்னா, அவளுவளுக்கும் கேக்கியதுக்கு நேரம் தரல்லியாம். எழுத்த பாத்து எழுத்த திருத்துகாளுவ. நான் என்னத்த செய்ய?"

"டாக்டருக்கு நேரா எழுதலாம்லா?"

"எழுதினா உனக்க வேல போவும். எனக்க வேலயும் போவும். ஏட்டி, சத்தம் காட்டாம இரு. நான் இன்னொரு மெயில் போடுகேன்."

அவள் மெயில் போட்டாள். எனக்கும் நகல் வந்தது. பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் நறுக்கும்போதும் அந்தக் கிழவர் ஊசியில் மருந்தை ஏற்றுவது கண்ணில் வந்தது. என் கணவர் தக்கலையில் பைப்பும் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னேன்.

"உனக்கென்னத்துக்கு இந்த வெப்ராளம்? நீ திருத்தினதுக்கு ஆதாரம் இருக்குல்லா" என்றார்.

"ஆதாரம் இருந்து அந்த ஆளுக்கு என்ன பிரயோசனம்?"

அவர் கடைச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "எனக்க கடையில வந்து குழாய கையில எடுத்து, திருகிப் பாத்து, படம் புடிச்சிட்டு, போன்ல ஆர்டர் போட்டுட்டுப் போறானுவ. நான் யாருக்கிட்ட சண்டைக்குப் போவ? எதுத்தாப்புல ஆள் இருந்தாத்தான் சண்ட போட முடியும்" என்றார். எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து அதே நோயாளிக்கான அடுத்த பதிவு வந்தது. பதிவு வந்திருக்கிறதென்றால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சமாதானப்படுத்திக்கொண்டு பெடலை மிதித்தேன். இருமல் மிட்டாய் சத்தம் இல்லை. டாக்டர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். போன அறிக்கையில் இன்சுலின் ஐம்பது யூனிட் என்று இருக்கிறது, வீட்டுக்கு வந்த நர்ஸ் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்ததால் தப்பித்தோம் என்றார். பிறகு அவர் குரல் உயர்ந்தது. அது நோயாளியைப் பற்றியது அல்ல. என்னைப் பற்றியது.

இதைத் தட்டச்சு செய்கிறவர் யாராக இருந்தாலும் கேளுங்கள், நான் ஒருநாளும் ஐம்பது என்று சொல்லவில்லை, உங்கள் அலட்சியத்தால் ஒரு மனிதன் செத்திருப்பான் என்றார்.

பதினான்கு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அத்தனை வருடம் தொண்டையைச் செருமியதும், தாள் புரட்டியதும், தும்மியதும் எனக்குத் தெரியும். ஒருமுறை மனைவி இறந்து லீவில் போய்விட்டு வந்தபோது ஒரு மாதம் அவர் குரல் கீழே கிடந்ததும் தெரியும். அவருக்கு நான் இருக்கிறேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது, அதுவும் திட்டுவதற்கு. திரையைப் பார்த்தேன். மென்பொருள் அந்த வசவை ஒரு பிழை இல்லாமல், காற்புள்ளி எல்லாம் வைத்து எழுதியிருந்தது. எங்கும் மஞ்சள் இல்லை.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். அழுகை வரவில்லை. காதுக்குள் சூடாக இருந்தது. திரும்பிவந்து என் தோழியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். அறிக்கையின் கீழே ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. ஏதாவது ஒரு சொல் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் விளக்கம் கேட்பதற்காக வைத்தது. வேறு எதுவும் அதில் எழுதக்கூடாது. நான் எழுதினேன்.

"டாக்டர் அவர்களுக்கு, நீங்கள் பதினைந்து என்றுதான் சொன்னீர்கள். எனக்கு அப்படித்தான் கேட்டது. நான் பதினைந்து என்றே திருத்தினேன். பிறகு அது மாற்றப்பட்டது. இந்த ஆண்டு வந்த மற்ற அறிக்கைகளிலும் பதினைந்து, ஐம்பது வரும் இடங்களைத் தயவுசெய்து பாருங்கள்."

பெயர் போடவில்லை. போடத் தேவையில்லை, கோப்பில் என் எண் இருக்கும். அனுப்பியபின் பல நாட்களில் முதல் முறையாகப் பசித்தது.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் வீடியோவில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்பு கொள்ளக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனா என்று கேட்டார்.

"போட்டிருக்கிறேன். நீங்கள் அந்த ஒலியைக் கேட்டீர்களா?" என்றேன்.

"மேடம், இப்போது பேசுவது நடைமுறையைப் பற்றி."

"நான் பேசுவது இன்சுலினைப் பற்றி."

"உங்கள் உணர்வு புரிகிறது" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் திரையை அறைந்து மூடலாம் போல இருந்தது. என் தோழி பக்கத்தில் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சரிக்கைக் கடிதத்தை அவள்தான் அச்சடித்துக் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது என் கையைத் தொட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த டாக்டரின் பதிவுகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரே அறிக்கைகள் கொடுத்தார்கள். அவற்றில் திருத்த ஒன்றுமே இருக்காது. திறந்து, மூடி, அனுப்பவேண்டியதுதான். மாடிப்படியில் தனியாகச் சாப்பிட்டேன். பஸ்ஸில் இடம் போடுவதை நிறுத்தினேன். அவள் வில்லுக்குறியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருவாள். அதைப் பார்ப்பதும் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஏழெட்டு மாதத்தில் அலுவலகமே மூடியது. அமெரிக்க மருத்துவமனைகள் புதிதாக ஒன்றை வாங்கிவிட்டன. டாக்டரும் நோயாளியும் பேசுவதை அறையிலேயே கேட்டு அதுவே அறிக்கை எழுதிவிடுமாம். நடுவில் நாகர்கோவிலும் வேண்டாம், மணிலாவும் வேண்டாம். கடைசி நாள் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

ஒரு மழைநாள் முற்பகலில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"உனக்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். சொன்னா நீ எனக்க முகத்துல முழிக்கமாட்ட" என்றாள்.

"இப்பமும் முழிச்சிட்டா இருக்கேன்?"

"நீ எழுதின குறிப்ப அந்த டாக்டர் பாத்திருக்காரு. பழைய அறிக்கை எல்லாத்தையும் எடுத்து நோக்கியிருக்காரு. இன்னும் ரெண்டு எடத்துல தப்பு இருந்திருக்கு. உன்னத் திட்டினதுக்கு மன்னிப்பு கேட்டு எழுதியிருந்தாரு. இனிமே அவருக்க வேலைய நீதான் செய்யணும்னு கேட்டாரு."

நான் கையை நீட்டினேன். "எங்க அது?"

"பெங்களூர்ல தடுத்துட்டாங்க. நீ வேலைய விட்டுப் போயிட்டன்னு பதில் எழுதச் சொன்னாங்க." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான்தான் எழுதினேன்."

"நான் பத்தடி தள்ளி இருந்தேனே. கண்ணாடி வழியா உனக்கு எனக்க முதுகு தெரியும்லா."

"தெரிஞ்சுது."

"என்னத்துக்குச் செய்த?"

"மவளுக்கு அந்த வருசம் பன்னெண்டாங்கிளாசு. வேற ஒண்ணும் சொல்லியதுக்கு இல்ல எனக்கு."

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கேயே நின்றேன். அவள் போகும் சத்தம் கேட்டது. என்ன சொல்லித் திட்டியிருக்கலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் என்ற எண்ணம் நடுவில் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அவளைத் திட்டவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல், அந்த டாக்டருக்கு ஒரு வரி எழுத வழியும் இல்லாமல் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. அவருடைய முழுப் பெயர் எனக்குத் தெரியும். தேடினால் கிடைப்பார். வேலையில் தெரிந்த எதையும் வெளியே பயன்படுத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேடவில்லை. நான் வேலையை விட்டு ஓடிவிட்டதாகவே அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் அவளிடமிருந்தே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. 'வீட்டுலயிருந்து செய்யலாம். உனக்க காதுக்கு ஏத்த வேல' என்று எழுதி ஒரு இணைப்பு அனுப்பியிருந்தாள். பதில் போடாமல் அந்த வேலையில் சேர்ந்தேன். எந்த நாட்டுக் கம்பெனி என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. தமிழில் ஆட்கள் பேசியதைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்புவார்கள். அவர்களுடைய மென்பொருள் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். எங்கள் மாவட்டப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. என்னுடைய வீடு என்பதை 'எனக்க வீடு' என்று சொன்னால் 'எனக்கு வீடு' என்று எழுதுகிறது. நான் திருத்தினால், எழுத்துப்பிழை என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

நேற்று குளச்சலில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் குரல் வந்தது. சாளைக்கு இன்று நல்ல விலை என்கிறாள். பின்னால் அலைச் சத்தமும், ஏலம் கூறுகிறவரின் குரலும், ஒரு மோட்டார் சைக்கிளும் கேட்கின்றன. அவள் சொல்வது கல்வெட்டு மாதிரித் தெளிவாக இருக்கிறது. மென்பொருள் 'சாலைக்கு' என்று எழுதியிருந்தது. சாளை என்று திருத்தினேன். திரும்பி வந்தது. சாளை என்பது மீன், எங்கள் ஊரில் தினமும் தின்பது, ஒலியைக் கேளுங்கள் என்று குறிப்பு எழுதி மறுபடி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. அந்தப் பெண் சாலைக்கு இன்று நல்ல விலை என்று சொன்னதாகவே பதிவாகிவிட்டது. மூன்று மணிக்குள் முடிக்கவேண்டிய துண்டுகள் வரிசையில் நின்றன. வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு அடுத்ததைத் திறந்தேன்.